சீனி நீலமாகவே நிற்கும், தேன் சிவக்கும்: எளிய வெல்லங்களை இனங்காண ஒரு கைவழிகாட்டி

கடையில் வாங்கிய வெள்ளைச் சீனியை நீரில் கரைத்து, பெனடிக்ற் கரைசல் என்னும் நீலச் செப்புச் சோதனைக் கரைசலோடு ஐந்து நிமிடம் சூடாக்கினால் நீலம் நீலமாகவே இருக்கும். அதே கரைசலில் நாலு துளி தேன் விட்டால் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் என்று நிறம் ஏறி, அடியில் செங்கட்டிச் சிவப்பாக வீழ்படிவு இறங்கும். இரண்டும் இனிப்புத்தான். ஆனால் பரிசோதனை பார்ப்பது இனிப்பை அல்ல, மூலக்கூறின் ஒரு மூலையை. இதைப் பிடித்துக்கொண்டால் ஓ.எல்., ஏ.எல். செய்முறை மட்டுமல்ல, தேன் ஏன் உறைகிறது, கருப்பட்டி ஏன் இளகுகிறது, உருளைக்கிழங்குப் பொரியல் ஏன் கறுக்கிறது என்பதெல்லாம் ஒரே கணக்கில் வந்துவிடும்.

இங்கே வெல்லம் என்று எழுதுவது பாடப்புத்தகத்து வெல்லம், அதாவது குளுக்கோசு, சுக்குரோசு போன்ற சேர்வைகளுக்கான பொதுப்பெயர். கடையில் நிறுத்து வாங்குவதைச் சீனி என்றே எழுதுகிறோம்.

மூலக்கூறில் என்ன இருக்கிறது

குளுக்கோசு, புரக்ரோசு, கலக்ரோசு மூன்றும் ஒருசக்கரைட்டுகள். மூன்றுக்கும் சூத்திரம் ஒன்றுதான்: ஆறு காபன், பன்னிரண்டு ஐதரசன், ஆறு ஒட்சிசன். மூலர்த்திணிவு 180. அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. குளுக்கோசிலும் கலக்ரோசிலும் முதலாம் காபனில் அல்டிகைட்டுக் கூட்டம். புரக்ரோசில் இரண்டாம் காபனில் கீற்றோன் கூட்டம். குளுக்கோசுக்கும் கலக்ரோசுக்கும் இடையே நாலாம் காபனில் ஐதரொட்சில் கூட்டம் நிற்கும் திசை மட்டுமே வித்தியாசம். அந்தச் சின்ன வித்தியாசத்தையும் நாக்கு கண்டுபிடித்துவிடுகிறது. சீனியின் இனிப்பை 1 என்று வைத்தால் புரக்ரோசு ஏறத்தாழ 1.7, குளுக்கோசு 0.7, பாலில் உள்ள இலக்ரோசு 0.2 அளவுதான்.

இரண்டு ஒருசக்கரைட்டுகள் ஒரு நீர் மூலக்கூறை வெளியேற்றிவிட்டுச் சேர்ந்தால் இருசக்கரைட்டு. கணக்கும் சரியாக வரும்: 180 + 180 − 18 = 342. குளுக்கோசும் புரக்ரோசும் சேர்ந்தால் சுக்குரோசு, அதாவது நம் சீனி. குளுக்கோசும் கலக்ரோசும் சேர்ந்தால் இலக்ரோசு. இரண்டு குளுக்கோசு சேர்ந்தால் மோல்ரோசு.

நீரில் குளுக்கோசு பெரும்பாலும் வளையமாகவே கிடக்கிறது. ஆனால் அந்த வளையம் திறந்து திறந்து மூடும். திறக்கும் கணத்தில் அல்டிகைட்டு வெளிப்பட்டு, காரக் கரைசலில் உள்ள செப்பு(II) அயனைத் தாழ்த்தி, சிவப்பான செப்பு(I) ஒட்சைட்டாக்குகிறது. இப்படிச் செய்யக்கூடியதே தாழ்த்தும் வெல்லம். புரக்ரோசில் இருப்பது கீற்றோன்தானே, அது எப்படித் தாழ்த்தும் என்று வகுப்பில் கேள்வி வரும். காரத்தில் அது குளுக்கோசு வடிவுக்கு மாறிக்கொள்வதால் அதுவும் தாழ்த்தும். இலக்ரோசிலும் மோல்ரோசிலும் ஒரு வளையம் திறக்க இடம் உண்டு. ஆகவே அவையும் தாழ்த்தும். சுக்குரோசில் குளுக்கோசின் முதலாம் காபனும் புரக்ரோசின் இரண்டாம் காபனும் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டு வளையமும் திறக்க வழியில்லை. சீனி நீலமாக நிற்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

பெனடிக்ற் கரைசலைத் தயாரித்தல்

பாடசாலை ஆய்வுகூடத்தில் 100 மில்லிலீற்றர் தயாரிக்க: சோடியம் சித்திரேற்று 17.3 கிராம், நீரற்ற சோடியம் காபனேற்று 10 கிராம், செப்பு சல்பேற்றுப் பளிங்கு 1.73 கிராம். முதல் இரண்டையும் 80 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீரில் முழுதாகக் கரைத்து வடிகட்டுங்கள். செப்பு சல்பேற்றைத் தனியாக 10 மில்லிலீற்றர் நீரில் கரைத்து, கலக்கிக்கொண்டே மெதுவாக முதற்கரைசலில் ஊற்றுங்கள். ஆறியபின் 100க்கு நிரப்புங்கள். தெளிந்த கடும் நீலம் வரவேண்டும்.

பெரும்பாலும் பிழைப்பது இந்த ஊற்றும் வரிசையில்தான். சித்திரேற்று கரையுமுன் செப்பு சல்பேற்றைக் கொட்டினால் செப்பு காபனேற்று வெளிர்நீலக் குழம்பாக விழும். சித்திரேற்றின் வேலையே செப்பு அயனைப் பிடித்துக் கரைசலில் வைத்திருப்பது.

சித்திரேற்று இல்லாவிட்டால் சித்திரிக் அமிலத்திலிருந்தே செய்துகொள்ளலாம். ஒரு நீருள்ள சித்திரிக் அமிலம் 12.4 கிராமுக்கு மேலதிகமாக 9.4 கிராம் சோடியம் காபனேற்று தேவை. ஆக மொத்தக் காபனேற்று 19.4 கிராம். நன்றாக நுரைக்கும் என்பதால் 250 மில்லிலீற்றர் முகவையில், கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நுரை அடங்கிய பிறகே செப்பு சல்பேற்று. சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்க வேண்டாம். செப்பு சல்பேற்று நஞ்சு.

சோதனை

கொதிகுழாயில் பெனடிக்ற் கரைசல் 2 மில்லிலீற்றர், மாதிரி 1 மில்லிலீற்றர். பார்மசியில் வாங்கிய ஊசியில்லாத 5 மில்லிலீற்றர் சிரிஞ்ச் போதும். குழாயைக் கொதிக்கும் நீருள்ள முகவையில் நிறுத்துங்கள். சுவாலையில் நேரே பிடித்தால் உள்ளிருப்பது துள்ளி முகத்துக்கு வரும்.

எத்தனை நிமிடம் வைப்பது என்பதற்கு மலைநாட்டில் ஒரு திருத்தம் வேண்டும். ஏறத்தாழ 300 மீற்றர் உயரத்துக்கு ஒரு பாகை வீதம் நீரின் கொதிநிலை இறங்கும். கண்டியில் 98 பாகைக்குச் சற்று மேல், ஹட்டனிலும் பண்டாரவளையிலும் 96 அளவு, 1868 மீற்றரில் உள்ள நுவரெலியாவில் 94க்குக் கிட்ட. புத்தகம் சொல்லும் ஐந்து நிமிடம் கடல்மட்டத்து நீருக்கு. நுவரெலியாவில் எட்டு நிமிடம் விடுங்கள். மங்கலான மாதிரிகளில் இந்த மூன்று நிமிடமே நீலத்துக்கும் பச்சைக்கும் இடையிலான வித்தியாசமாகிவிடும்.

மாதிரியோடு எப்போதும் மூன்று குழாய்களைக் கூடவே வையுங்கள்: வெறும் நீர், 1% குளுக்கோசு, 1% வெள்ளைச் சீனி. குளுக்கோசு பார்மசியில் பக்கற்றில் கிடைக்கும். ஒரு கிராமை 100 மில்லிலீற்றர் நீரில் கரைத்தால் சரி. நீர்க்குழாய் நிறம் மாறினால் கழுவிய குழாயில் பழையது ஒட்டியிருக்கிறது. குளுக்கோசுக் குழாய் மாறாவிட்டால் கரைசல் கெட்டுவிட்டது. இந்த மூன்றும் இல்லாமல் எடுத்த முடிவை நம்பக்கூடாது.

நிறத்தை வைத்து அளவை உத்தேசமாகச் சொல்லலாம். 0.5% அளவில் பச்சை, 1% அளவில் மஞ்சள், 1.5% அளவில் செம்மஞ்சள், 2% தாண்டினால் செங்கட்டிச் சிவப்பு. அதற்கு மேல் எவ்வளவு கூடினாலும் சிவப்பு சிவப்பேதான். ஆகவே இனிப்பான பொருள் எதையும் ஐதாக்காமல் சோதித்தால், இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

சீனியை உடைத்துப் பார்த்தல்

1% சீனிக் கரைசல் 5 மில்லிலீற்றரில் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் 1 மில்லிலீற்றர் விட்டு, கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிடுங்கள். பிறகு அப்பச்சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள், நுரைப்பது நிற்கும்வரை. இப்போது பெனடிக்ற் சோதனை செய்தால் மஞ்சளோ செம்மஞ்சளோ வரும். நீர் சேர்ந்து பூட்டு உடைந்து, குளுக்கோசும் புரக்ரோசும் சம அளவில் வெளியே வந்துவிட்டன.

நுரை நிற்குமுன் அவசரப்பட்டுப் பெனடிக்ற் கரைசலை ஊற்றுவதுதான் பரீட்சை மண்டபத்தில் அதிகம் நடக்கும் தவறு. மீந்த அமிலம் கரைசலின் காரத்தைத் தின்றுவிடும். காரமில்லாமல் தாழ்த்தல் நடக்காது, நீலம் அப்படியே நிற்கும். பிள்ளை சீனி உடையவில்லை என்று எழுதிவைக்கும்.

வெள்ளைச் சீனிக்குப் பதிலாகச் சிவப்புச் சீனியைக் கரைத்தால் உடைக்காமலே இலேசான பச்சை வரக்கூடும். அதில் ஒட்டியிருக்கும் பாகில் கொஞ்சம் தாழ்த்தும் வெல்லம் உண்டு. சுக்குரோசு தாழ்த்தும் என்று அதற்கு அர்த்தமில்லை.

தோட்டத்திலும் சந்தையிலும்

கரட், பீற்றூட் இரண்டிலும் சுக்குரோசே பிரதானம். 1747இல் ஜெர்மனிய இரசாயனவியலாளர் மார்க்ராப் பீற்றிலிருந்து பிரித்தெடுத்தது கரும்புச் சீனியின் அதே பொருளைத்தான். ஆனால் பீற்றூட் சாற்றை இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள். அதன் சிவப்பு நிறப்பொருள் சூடான காரத்தில் மஞ்சளாகும். வெல்லத்தால் வந்த மஞ்சளா, சாயத்தால் வந்த மஞ்சளா என்று பிரிக்க முடியாது. நுவரெலியா ஸ்ட்ரோபரியும் அப்படியே சாயத்தால் ஏமாற்றும். கரட்டோடு நில்லுங்கள். சந்தேகம் வந்தால் குழாயைப் பத்து நிமிடம் அசையாமல் வைத்து, அடியில் தூள் இறங்குகிறதா என்று பாருங்கள். தூள் இல்லாத நிறத்துக்கு மதிப்பில்லை.

பிளேன்டீயில் சீனி இருக்கிறதா என்று பார்க்க விரும்பும் பிள்ளைகளும் உண்டு. தேயிலைச் சாயம் காரத்தில் கறுத்துவிடும், விட்டுவிடுங்கள். கொய்யா, நெல்லி, தேசிக்காய் ஆகியவற்றில் உள்ள விற்றமின் சீயும் செப்பைத் தாழ்த்தும். அங்கே வரும் சிவப்பு முழுவதும் வெல்லத்துக்குரியதல்ல.

வாழைப்பழம் நல்ல மாதிரி. பச்சைக் காயில் மாப்பொருள் நிறைய: அயடீன் கருநீலம் காட்டும், பெனடிக்ற் மங்கல். கனியக் கனிய அயடீன் வெளிறும், பெனடிக்ற் சிவக்கும். ஒரே சீப்பில் மூன்று நாள் இடைவெளியில் ஒவ்வொரு பழமாக எடுத்தால் இந்த மாற்றம் முழுதாகத் தெரியும்.

பாலில் இலக்ரோசு 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பாலை அப்படியே ஊற்றினால் புரதம் குழம்பாக்கும். சூடாக்கிய பால் 50 மில்லிலீற்றரில் வினாகிரி ஒரு தேக்கரண்டி விட்டுத் திரித்து, துணியில் வடித்து, தெளிந்த நீரை அப்பச்சோடாவால் நடுநிலையாக்கி 1 மில்லிலீற்றர் எடுங்கள். செங்கட்டிச் சிவப்பு வரும். தேநீருக்கு ஊற்றும் டின்பாலில் இலக்ரோசோடு சேர்த்த சீனியும் உண்டு.

ஆஸ்பத்திரியில் ஏற்றும் டெக்ஸ்ரோஸ் சேலைனில் இருப்பதும் குளுக்கோசேதான். 5% என்றால் 500 மில்லிலீற்றர் போத்தலில் 25 கிராம்.

தேன்

தேனில் ஏறத்தாழ 38 வீதம் புரக்ரோசு, 31 வீதம் குளுக்கோசு. நீர் ஆறில் ஒரு பங்கு அளவு. சுக்குரோசு மிகக் குறைவு: சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ், பொதுவான தேனில் அது நூற்றுக்கு 5 கிராமுக்கு மேற்படக்கூடாது என்கிறது. பூவின் மதுவில் வரும் சுக்குரோசைத் தேனீயின் நொதியம் உடைத்துவிடுகிறது.

சீனிப்பாகு கலந்த தேனைப் பிடிக்க இந்தக் கணக்கே உதவும். ஒரு கிராம் தேனை 100 மில்லிலீற்றர் நீரில் கரையுங்கள். இந்த ஐதாக்கல் கட்டாயம். இல்லாவிட்டால் நல்லதும் கள்ளமும் ஒரே சிவப்பாகத் தெரியும். 5 மில்லிலீற்றர் வீதம் இரண்டு குழாய். ஒன்றை மேலே சொன்னபடி அமிலம் விட்டு உடையுங்கள். மற்றதில் அமிலத்துக்குப் பதில் அதே 1 மில்லிலீற்றர் நீர் விட்டு, அதே நேரம் சூடாக்குங்கள். பிறகு இரண்டிலும் பெனடிக்ற். நிறம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் சுக்குரோசு கலப்பு இல்லை. உடைத்த குழாய் தெளிவாக மேலேறி நின்றால், உடைக்காதது பச்சையும் உடைத்தது மஞ்சளும் என்றால், சீனிப்பாகு இருக்கிறது. முன்கூட்டியே உடைத்த பாகைக் கலந்திருந்தால் இந்தச் சோதனைக்கு அகப்படாது. தீக்குச்சியில் தோய்த்துக் கொளுத்துவது, தண்ணீரில் துளி விட்டுப் பார்ப்பது எல்லாம் தேனின் ஈரத்தையும் தடிப்பையும் பற்றித்தான் சொல்லும், கலப்பைப் பற்றி அல்ல.

தேன் உறைந்தால் சீனி கலந்தது என்று போத்தலைத் திருப்பிக் கொடுப்பவர்கள் மலையகத்தில் அதிகம். அது அநியாயம். குளுக்கோசு புரக்ரோசைவிட நீரில் குறைவாகவே கரையும். குளிரில் அதுதான் முதலில் பளிங்காகிப் பிரியும். 14 பாகை அளவில் உறைதல் மிக வேகம். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவு. கொழும்பில் மாதக்கணக்கில் ஓடும் தேன், இங்கே அடுப்படி அலுமாரியில் சீக்கிரமே தடித்துப்போகும். போத்தலை 40 – 45 பாகை நீரில் நிறுத்தி வையுங்கள், தானாக இளகும். கொதிநீரில் வைத்தால் வாசனையும் நொதியங்களும் போய்விடும்.

கித்துள் பாணியும் கருப்பட்டியும்

தாவரம் இலையிலிருந்து மற்ற உறுப்புகளுக்கு வெல்லத்தைப் பெரும்பாலும் சுக்குரோசாகவே அனுப்புகிறது. கித்துள் பூவை வெட்டி எடுக்கும் பதநீரும் அதே ஓட்டத்தில் வருவதுதான். ஆகவே புதிதாக இறக்கியதில் சுக்குரோசு மிகுதி. மதுவம், அதாவது ஈஸ்ட், உள்ளே புகுந்தவுடன் அதன் நொதியம் சுக்குரோசை உடைத்து மதுசாரமாக்கத் தொடங்கும். முட்டியில் சுண்ணாம்போ ஹல் மரப்பட்டையோ போடுவது இதைப் பின்போடத்தான்.

கருப்பட்டி காய்ச்சுபவருக்கு இதில் காசு இருக்கிறது. புளித்த பதநீரில் உடைந்த வெல்லம் கூடியிருக்கும். உடைந்த வெல்லம் பளிங்காக விடாது, காற்றின் ஈரத்தையும் இழுக்கும். எவ்வளவு காய்ச்சினாலும் அந்தக் கருப்பட்டி கட்டியாக நிற்காது, மழைக்காலத்தில் பிசுபிசுத்து வழியும். காய்ச்சுமுன் பதநீரைப் பத்து மடங்கு ஐதாக்கி ஒரு பெனடிக்ற் சோதனை. நீலம் அல்லது இலேசான பச்சை என்றால் கருப்பட்டிக்குப் போகலாம். மஞ்சளுக்கு மேல் என்றால் பாணியாகவே எடுத்துவிடுங்கள்; பாணி உறையாமல் இருப்பது நல்லதுதானே.

பாணியில் கடைச் சீனி கலந்திருக்கிறதா என்று இந்தச் சோதனையால் சொல்ல முடியாது. இரண்டிலும் சுக்குரோசு. நீரிழிவுக்காரர் சீனியை விட்டுக் கருப்பட்டியைக் கடித்துத் தேநீர் குடிப்பதாலும் கணக்கு மாறாது: உடலுக்குள் அதுவும் குளுக்கோசாகவும் புரக்ரோசாகவும்தான் உடையும்.

பால் டொபிக்கும் பொரியலுக்கும்

சீனிப்பாகின் பதத்தை வெப்பமானியில் பார்ப்பவர்கள் உயரத்தைக் கழிக்க வேண்டும். மென்மையாக உருட்டும் பதம் கடல்மட்டத்தில் 112 – 116 பாகை. நுவரெலியாவில் அதே பதம் 106 – 110இல் வந்துவிடும். 114 வரை காத்திருந்தால் டொபி கல்லாகும். உங்கள் ஊருக்கு எவ்வளவு கழிப்பது என்று அறிய, வெப்பமானியைக் கொதிக்கும் நீரில் வைத்து 100இலிருந்து எவ்வளவு குறைவு என்று பாருங்கள். அந்த வித்தியாசமே திருத்தம். வெப்பமானியின் பிழையும் அதிலேயே அடங்கிவிடும்.

பளிங்காகாத பாகு வேண்டுமானால் சீனி 200 கிராம், நீர் 100 மில்லிலீற்றர், அரைத் தேசிக்காய்ச் சாறு சேர்த்து இருபது நிமிடம் மெல்லக் கொதிக்க விடுங்கள். அமிலம் சீனியில் ஒரு பங்கை உடைத்து, மீதி பளிங்காவதையும் தடுக்கும். பால் டொபிக்கு இதைச் செய்யக்கூடாது. அது நறுநறுவென்று கட்டியாவதே பளிங்கால்தான்.

வெலிமடை, நுவரெலியா உருளைக்கிழங்கைப் பிரிஜ்ஜில் வைத்தால், குளிரில் மாப்பொருள் குளுக்கோசாகவும் புரக்ரோசாகவும் மாறும். பொரிக்கும்போது இவை அமினோ அமிலங்களோடு தாக்கம் புரிந்து, உள்ளே வேகுமுன் வெளியே கறுத்துக் கசக்கும். 10 கிராம் கிழங்கைத் துருவி 20 மில்லிலீற்றர் நீரில் கலக்கி வடித்துச் சோதியுங்கள். பிரிஜ் கிழங்கும் சாக்குக் கிழங்கும் அருகருகே வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஏற்கனவே இனித்துப்போன கிழங்கை 15 – 20 பாகையில், இருட்டான இடத்தில் இரண்டு மூன்று கிழமை வைத்தால் பெரும்பகுதி சரியாகிவிடும். நுவரெலியா வீட்டு அறையின் குளிரே அதற்குப் போதும்.

முடித்தபின்

மீந்த கரைசலைத் தொட்டியில் ஊற்றி ஓடைக்கு அனுப்பாதீர்கள். செப்பு மீனுக்கு நஞ்சு. ஒரு போத்தலில் சேர்த்து, லேபல் ஒட்டி ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். குழாயின் உட்சுவரில் பிடித்த சிவப்பு சவர்க்காரத்துக்குப் போகாது. ஐதான நைத்திரிக் அமிலம் சில துளி விட்டுச் சுழற்றினால் கரையும். ஆசிரியர் பக்கத்தில் நிற்க, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். பிறகு மூன்று தரம் நீரில் அலசி, குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிடுங்கள்.